வெஹ்பியின் ஒப்புதல்

"ஊது! என் மூஞ்சிக்கு நேரா ஊது, பார்ப்போம்!"

மருத்துவமனைத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள் ஹாஜர். வெஹ்பி ஊதினார். ஊதுகிற அளவுக்கு அவருக்கு மூச்சு ஏது? மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாய்தான் சற்று ஆடியது.

"புகை நாத்தமே இல்லியே" என்றாள், மோந்து பார்த்துவிட்டு. "அப்புறம் ஏன் பேரை அடிச்சாங்க?"

"ரத்தத்துல புகையிலை... தெரிஞ்சுதாம்."

புது நுரையீரலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்து அன்று காலை வெஹ்பியின் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. டாக்டர் செவ்தா அவரை மட்டும் உள்ளே அழைத்துச் சொன்னபோது ஹாஜர் மருந்து வரிசையில் நின்றிருந்தாள். ஆறு மாதம் ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. அகப்பட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து ஆறு மாதம். வெஹ்பி ஆலிவ் அறுவடை வரை தாங்கினாலே பெரிது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அறுவடைக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது.

"பரிசோதனைக்காரன் எவனோ குப்பியை மாத்திட்டான்" என்று எழுந்தாள் ஹாஜர். "அக்ஹிசார் மாதிரி சின்ன ஊர்லேருந்து வந்தவங்கன்னா இந்த இஸ்மிர்க்காரனுங்களுக்கு இளக்காரம். நாலு சத்தம் போட்டாத்தான் உறைக்கும். நான் போய் அந்த டாக்டரம்மாவையே கேக்கறேன்."

வெஹ்பி சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

"போகாதே."

"ஏன்?"

அவர் பக்கத்தில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரின் அளவு முள்ளைப் பார்த்தார்.

"குடிச்சேன், ஹாஜர்."

"என்னத்த?"

"சிகரெட்."

ஹாஜர் மெல்ல உட்கார்ந்தாள்.

"எங்க வச்சு?"

"குளியலறையில."

"பொய். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உக்காந்திருந்தவ நான்."

"அப்ப... காபிக்கடையில."

"ஆம்பளைங்க கூடுற இடம்னுகூடப் பாக்காம, வாசல்ல முக்காலி போட்டு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு உக்காந்திருந்தேனே! ஊரே சிரிச்சுது. அங்க எப்படிக் குடிச்சே?"

"பின்பக்க ஜன்னல் வழியா... கூட்டாளி நெஜ்மி நீட்டினான்."

"நெஜ்மி நோன்பு மாசத்துலயே செத்துட்டானே!"

"அதுக்கு முன்னாடி."

அவள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"ஆறு மாசம், மனுஷா! சாம்பல் கிண்ணத்தையெல்லாம் கிணத்துல போட்டேன். இவருக்குக் குடுத்துடாதேன்னு மளிகைக்காரன்கிட்ட அழாத குறையாக் கெஞ்சினேன். ஆசை தாங்காம நீ நடுங்கினப்ப, மருந்துக்கடையில கேட்டு, சிகரெட் ஆசையை அடக்கற பிளாஸ்திரியை வாங்கி, தினம் காலையில பிஸ்மில்லா சொல்லி உன் தோள்ல ஒட்டினேன். உலகமே சிகரெட்டை விட்டுக்கிட்டு வருதுன்னு டிவியில சொல்றான். உன்னால ஆறு மாசம் முடியலியா?"

"முடியல."

"நாப்பது வருஷம் நீ ஓட்டின அந்த ஓட்டை மினிபஸ்ஸும் நீயும் போட்டி போட்டுக்கிட்டுப் புகை விட்டீங்க. அது நின்னுடுச்சு. நீ நிக்கல!"

"திட்டு" என்றார் வெஹ்பி. "நல்லாத் திட்டு."

அவள் திட்டவில்லை. எழுந்து, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கேட்டுக்கோ. உன் சவப்பெட்டிக்கு முன்னால நின்னு இமாம் மூணு தடவை கேப்பாரு, இந்த மனுஷன் மேல உங்களுக்கு இருக்கற உரிமையை ஹலாலாக்கி, மன்னிச்சு விட்டுக்குடுத்தீங்களான்னு. ஊரே குடுத்தோம்னு சொல்லும். காசு ஏமாந்தவன்கூடச் சொல்லுவான். நான் வாயத் திறக்க மாட்டேன் வெஹ்பி. என் உரிமை உனக்கு ஹலால் இல்ல. அல்லாகிட்டப் போய் நீயே பதில் சொல்லிக்கோ."

சாகப்போகிறவனிடம் பகையாளிகூடச் சொல்லத் தயங்கும் சொல் அது. முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லை மட்டும் அவள் எடுத்ததில்லை.  வெஹ்பி சிலிண்டரின் திருகை லேசாகத் திருப்பிவிட்டு, சரி என்பது போலத் தலையசைத்தார்.

நாலடி போன ஹாஜர் நின்றாள். முகத்தைத் திருப்பாமலே, "டாக்சி பாத்துட்டு வரேன். உன்னால நடக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வாசலைத் தாண்டியதும், கையில் மருந்துச் சீட்டோடு டாக்டர் செவ்தா வேகமாக வந்தாள்.

"பெரியவரே, உங்க வீட்டம்மா எங்க? உங்களால சொல்ல முடியலன்னா நானே அவங்ககிட்டப் பேசறேன். தப்பு எங்க மேலயும் இருக்கு, முன்னாடியே எச்சரிச்சிருக்கணும். அந்தப் பிளாஸ்திரி சிகரெட்டுக்கு எவ்வளவோ மேல்தான். ஆனா அதுலயும் நிக்கோட்டின் இருக்கு. எங்க ரத்தப் பரிசோதனை ரெண்டையும் பிரிச்சுப் பாக்காது. உங்க மூச்சுல புகையோட சுவடே இல்ல. ஆறு மாசமா நீங்க ஒரு சிகரெட்கூடத் தொடலன்னாவது அவங்களுக்குத் தெரியட்டுமே."

"வேண்டாம் மகளே" என்றார் வெஹ்பி. "இது தெரிஞ்சா, எனக்கப்புறம் அவ அந்த வீட்டுல தனியா உக்காந்திருப்பா, அதை ஒட்டின தன் கையையே பாத்துக்கிட்டு. நான் குடிச்சுத்தான் செத்தேன்னு, என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும்."