ரேடியோ அக்காவின் மதியச் செய்தி

"கேளு கண்ணு, இன்னிக்கு ஒருத்தி ஆறு மாசக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தா. மாமியாரோட சண்டையாம், கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு. ரிப்போர்ட்டுக்கு நானே மாடிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அப்புறம் ஒரு தாத்தா, வயசு நூத்தி ரெண்டு. என்னையே சைட் அடிக்கிறாருன்னா பாத்துக்கோ."

கம்ப்யூட்டர்க்காரி தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுண்ட்டரில் ரிப்போர்ட் கொடுக்கும் அந்த அக்காவுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்ததே இவள்தான். காலையில் வருகிறவர்களின் குடும்பக் கதையை உருவி எடுப்பாள் அக்கா. மதியம் சாப்பாட்டு மேசையில் ஒலிபரப்பு.

"அப்புறம் இன்னொருத்தர், பேருக்கு இனிஷியலே கிடையாதாம். அதுக்கு ஒரு பெரிய கதை..."

கதை முடிவதற்குள் இவள் கை கழுவப் போய்விட்டாள். வழியில் மானேஜர் பிடித்துக்கொண்டார்.

"கவுண்ட்டரை எடுத்துடலாம்னு இருக்கேன்மா. மெஷின்ல நம்பரைத் தட்டினா ரிப்போர்ட் வந்துடும். அந்தம்மா தொணதொணப்பும் இருக்காது. எட்டு மாசமா ரிப்போர்ட் போடற உன் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்ல தப்பே இல்லதானே?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. நாளைக்கே அவங்க கணக்கை முடிச்சிடறேன்."

கையெழுத்து என்றதும், எதற்கும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று இவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இவள் எழுதிய பெரிய ஸ்கிரிப்ட், பரிசோதனைக்கு வருகிற ஆளுக்கு ஒன்றாகக் குட்டி ஸ்கிரிப்டுகளைக் கிளப்பிவிடும். ஒவ்வொரு குட்டியும் ஒரு ரிப்போர்ட் தயாரிக்கும். ரிப்போர்ட் ஒரு வழியாக வரும். ஏதாவது கோளாறு என்றால் புலம்பல் வேறு வழியாக வரும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் புலம்புகிறதே என்று, முதல் வாரமே அந்த இரண்டாவது வழியைக் குப்பைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டிருந்தாள்.

இப்போது அந்தப் புலம்பலைப் பிடித்து ஒரு ஃபைலில் சேர்க்கும்படி இரண்டு வரி மாற்றினாள். இன்று காலைப் பட்டியலை மறுபடி ஓடவிட்டாள்.

ஃபைலில் மூன்று வரி விழுந்தது.

'வயது: 6 மாதம். எண் அல்ல. ரிப்போர்ட் இல்லை.'

'வயது: 102. இரண்டு இலக்கம் மட்டுமே. ரிப்போர்ட் இல்லை.'

'இனிஷியல் காலி. ரிப்போர்ட் இல்லை.'

மூன்று பேர் வெறுங்கையோடு போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு புகார்கூட இல்லையே. கொடுத்த ரிப்போர்ட்டுகளின் நகல் கட்டைப் புரட்டினாள். மூன்று ரிப்போர்ட்டும் இருந்தன. கையால் எழுதியவை. கீழே டாக்டரின் கையெழுத்து. மேலே அக்காவின் குண்டு குண்டு எழுத்து. நேற்றைய கட்டில் இரண்டு. முந்தின நாள் ஐந்து.

கட்டைக் கொண்டுபோய் மானேஜர் மேசையில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மெஷினெல்லாம் வேண்டாம்மா. முதல்ல அந்தம்மாவுக்கு நல்ல நாற்காலி ஒண்ணு வாங்கணும்."

இவள் நேராகக் கவுண்ட்டருக்கு ஓடினாள்.

"எட்டு மாசமா நீங்க ஒருத்தரே சமாளிச்சிருக்கீங்க. யார் யாருக்கு ரிப்போர்ட் வரலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தினம் மதியம் ஒருத்தர் விடாம சொல்லிட்டுதானே இருக்கேன்? நீயும் தலையை ஆட்டிட்டுதானே இருந்தே?"

கம்ப்யூட்டர்க்காரி, சாப்பிடும்போது மாட்டிய இயர்போன் இன்னும் கழுத்தில் தொங்குவதைப் பார்த்து, மெல்லச் சுருட்டிக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.