கியர் கம்புக்கு வளைகாப்பு

எழுந்து உட்கார்ந்தாலே பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஆவுடைச்செல்வி வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே திரையைப் பார்த்து டவுன்பஸ் ஓட்டினாள். பஸ்ஸில் டிரைவர் சீட் காலி. அவள் இங்கே கியரைத் தள்ளினால் அங்கே கியர் கம்பு தானாக அசையும். ஏழாம் மாதம் வந்தும் வளைகாப்பு இல்லையே என்பதுதான் அவளுக்கு மனக்குறை.

அன்று கல்லிடைக்குறிச்சியில் ஏறிய பெண்கள் ஒருத்தரும் உட்காரவில்லை.

“ஏட்டி செல்வி, வண்டிய ஓரங்கட்டு!” பூக்காரி பிச்சம்மாள் மைக்கில் அதட்டினாள்.

“என்னக்கா, எம்மேல கம்ப்ளைண்டா?”

“வளைகாப்புட்டி! ஒங்கைதான் இங்க இல்லயே, அதான் இதுக்குப் போடுதோம்.”

ஆளுக்கொரு கண்ணாடி வளையலைக் கியர் கம்பில் மாட்டிக் குலவையிட்டார்கள்.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள். கலகலவென்ற ஓசை கட்டில்வரை கேட்டது. வயிற்றுக்குள் ஓர் உதை.

அன்று நேர்ரோட்டில்கூட அவள் கியரை மாற்றிக்கொண்டே போனாள்.