தொள்ளாயிரம் கிராம்

நாற்பத்தெட்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் என்று காட்டியது எடைக்கருவி. என் பிரிவின் எல்லை நாற்பத்தெட்டு.

எடை பார்க்கும் அதிகாரி அம்மா பேனாவைத் திறக்கவில்லை. "ஒரு மணி நேரம் இருக்கும்மா. குறைச்சுட்டு வந்து மறுபடி ஏறு" என்றார்.

திரைக்கு வெளியே வந்து சொன்னதும் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு வருஷமாக எனக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருகிறவர். "நாக்கைக் கட்டத் தெரியலையா உனக்கு?" என்றார், நடைவழி முழுக்கக் கேட்கும்படி.

நேற்று காலையிலிருந்து நான் சாப்பிட்டது ஒரே ஒரு ஆப்பிள். தண்ணீர், வாய் நனைக்க மட்டும்.

மாஸ்டர் பையிலிருந்து, வியர்க்க வைக்கும் பிளாஸ்டிக் கோட் ஒன்றையும் ஒரு காகிதக் கோப்பையையும் எடுத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஓட வேண்டும். ஓடிய பிறகு, எச்சிலாகவும் கொஞ்சம் நீர் குறைய, கோப்பையில் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டு வருஷத்தில் நான் துப்பியதைச் சேர்த்திருந்தால் ஒரு வாளி தேறும்.

அவர் மகள் பக்கத்து பெஞ்சில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னோடு பயிற்சி எடுக்கிறவள், மூன்று வயது சின்னவள். அவளுக்கு எடை பார்த்து முடிந்துவிட்டது. மடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

நான் கோட்டை வாங்கவில்லை. என் நோட்டை நீட்டினேன்.

பதினான்கு மாதமாகத் தினமும் காலையில் எடை பார்த்து எழுதிய நோட்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாலைந்து நாள் எடை ஏறும். வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தானாக இறங்கும். சாப்பாடு என்னவோ அதேதான். டாக்டரிடம் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. அந்த நாட்களில் ஹார்மோன்கள் மாறும்போது சில பெண்களின் உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், கொழுப்பு இல்லை, பயப்படாதே என்றார்.

"இது தண்ணி, மாஸ்டர். நாளன்னைக்கு எனக்கு பீரியட்ஸ்."

நடைவழியில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் சுவரில் வெள்ளையடித்திருக்கும் அழகை ஆராய ஆரம்பித்தார்கள்.

"சாக்கு சொல்லாத" என்றார் மாஸ்டர். நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

போன வருஷ அணித் தேர்வுப் போட்டியும் எனக்கு இந்த நாட்களில்தான் வந்தது. ஓடினேன், துப்பினேன், எடையைக் கொண்டுவந்தேன். மறுநாள் முதல் சுற்றில் கண் இருட்டி விழுந்தேன். எதிராளி என்னைத் தொடக்கூட இல்லை. இன்னொரு தடவை அப்படி விழ எனக்கு இஷ்டமில்லை.

"ஐம்பத்தொரு கிலோ பிரிவுல பேர் கொடுக்கறேன்" என்றேன்.

மாஸ்டரின் குரல் சட்டென்று தணிந்தது. "உன் உடம்புக்கு அது தாங்காதும்மா. நொறுக்கிடுவாங்க" என்றார். இரண்டு வருஷமாக இதையேதான் சொல்கிறார். அக்கறை என்று நானும் நம்பித்தான் இருந்தேன்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பிரிவு மாற இன்னும் நேரம் இருந்தது. அதிகாரி அம்மா பட்டியலைப் புரட்டினார்.

"நல்லதாப் போச்சு. இதுல ஒரே ஒரு பொண்ணுதான் இருக்கு. போன வருஷமும் தனி ஆளா, சண்டையே போடாம அணிக்குப் போயிடுச்சு."

அவள் போன வருஷம் அணிக்குத் தேர்வானது எனக்குத் தெரியும். எப்படித் தேர்வானாள் என்று கேட்டதில்லை. அன்று நான் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தேன்.

பட்டியலில் அந்த ஒற்றைப் பெயருக்கு எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்றில் தகப்பனார் பெயர், இன்னொன்றில் பயிற்சியாளர் பெயர். இரண்டிலும் ஒரே பெயர், மாஸ்டருடையது.

அதற்குக் கீழே என் கையெழுத்தை அழுத்திப் போட்டேன்.

வெளியே வந்தபோது மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் பார்த்தாள். எழுந்து வந்து பாட்டிலை என் கையில் திணித்தாள்.

"முழுசாக் குடி அக்கா. நாளைக்குத் தெம்பா வா. சும்மா கிடைச்சது போதும் எனக்கு."

அவள் அப்பாவின் எதிரிலேயே நின்று ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். காகிதக் கோப்பையை அவர் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.