மாடியறைச் சத்தம்

"ஒண்ணு அந்த ஆளு காலி பண்ணணும். இல்லேன்னா நாங்க காலி பண்றோம். ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே சொல்லிடுங்க, ஆன்ட்டி."

கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றவளைப் பார்த்ததுமே வீட்டுக்காரம்மாவுக்குத் தலை வலித்தது. கீழ்வீட்டுப் பெண் இப்படி வந்து நிற்பது முதல் தடவை அல்ல.

மாடியறையில் குடியிருப்பவருக்கு அந்தக் கட்டிடத்தில் 'சவுண்டு' என்று பெயர். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்து, செத்துப்போன பாகங்களை மாற்றி, மறுபடி பாட வைப்பது தொழில். அதோடு விட்டால் பரவாயில்லை. சரிசெய்த செட்டையும், தன்னிடமுள்ள நல்ல செட் ஒன்றையும் ஒரே ஜோடி ஸ்பீக்கரில் மாட்டி, நடுவில் ஒரு சுவிட்சை வைத்து, ஒரு வயலின் துண்டை இதில் ஒரு தடவை, அதில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் போடுவார். இரண்டும் ஒன்றுபோல் கேட்கும்வரை விடமாட்டார்.

"முழுப் பாட்டாப் போட்டாக்கூடத் தொலையுதுன்னு விட்டுடலாம். அதே இடத்தையே போட்டு அறுக்கிறார். ஒவ்வொரு தடவையும் இவன் தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்கறான். உடம்பெல்லாம் நடுங்குது. நேத்துகூட மத்தியானம் பூரா தூங்கவே இல்ல."

பச்சைக் குழந்தை நடுங்குகிறது என்று கேட்டபிறகு வீட்டுக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படியேறும்போது, உன் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"அவருக்கு எதுதான் பெரிசாத் தெரியுது? எல்லாம் உன் மனப்பிரமைங்கறார்."

கதவு திறந்தே இருந்தது. ஈயம் உருகிய வாசனை. மேஜைமேல் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், ஒன்று மூடியில்லாமல் வயிற்றைக் காட்டிக்கொண்டு. கையில் திருப்புளியோடு எழுந்து நின்ற சவுண்டு, வந்த காரியம் புரிந்துபோய்த் தானே ஆரம்பித்தார். சத்தம் கீழே இறங்கக் கூடாதென்று ஸ்பீக்கருக்கு அடியில் மெத்தை போட்டிருக்கிறாராம். குழந்தை எப்போது தூங்கும், அந்த நேரத்தில் போடாமல் இருக்கிறேன் என்று இந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டாராம். குழந்தைக்கு என்ன டைம் டேபிளா என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்ததாம்.

வீட்டுக்காரம்மா காதில் எதையும் வாங்கவில்லை. மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார்.

"வேற இடமா? இந்தத் தொழிலுக்கு எவன்மா வீடு குடுப்பான்? நாய் மாதிரி அலைஞ்சு பிடிச்ச ரூம் இது."

அவர் கையிலிருந்த திருப்புளியை வீச, அது பட்டு, கழற்றி வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மூடி தரையில் டமாலென்று விழுந்தது. வீட்டுக்காரம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இளந்தாய் சட்டென்று குனிந்து, தோளில் கிடப்பவன் முகத்தைப் பார்த்தாள்.

"இருங்க," என்றார் சவுண்டு. குரல் மாறியிருந்தது. "நேத்து மத்தியானம் பூரா தூங்கலைன்னா சொன்னீங்க? கீழே நீங்க சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு."

அவள் குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து இந்த ரூம்ல சத்தமே கிடையாது. ஸ்பீக்கர் ரெண்டும் ரிப்பேருக்குப் போயிருந்தது. இப்பதான் கொண்டுவந்து மாட்டினேன்." மேஜையிலிருந்து விரல் தடிமனில் ஒரு ரெசிஸ்டரை எடுத்து நீட்டினார். "ஸ்பீக்கர் இல்லாதப்போ அந்த இடத்துல இதை மாட்டி, மீட்டர்ல பாத்துக்குவோம். இது சூடாகும். மூச்சு விடாது. நேத்து உங்க பையன் எதைக் கேட்டு நடுங்கினான்?"

வீட்டுக்காரம்மா மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து சத்தமே இல்லையாமே?"

அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெத்த பிள்ளையைச் சாக்கா வெச்சுப் பொய் சொல்றியே, நாக்கு கூசலை உனக்கு? உன் பேச்சைக் கேட்டு நானும் ஒரு மனுஷனை நடுத்தெருவுல நிறுத்தப் பாத்தேனே."

படித்த பெண்ணாயிற்றே என்று நம்பியது, ஒவ்வொரு தடவையும் அவளுக்காகப் பரிந்துகொண்டு வந்தது, எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார் வீட்டுக்காரம்மா. அந்த மனுஷர்மேல் உனக்கு என்னதான் கோபம் என்று கேட்டார். காலி பண்ணுவதானால் நீதான் பண்ண வேண்டும் என்றும் சொன்னார்.

அவள் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நேராகப் போய் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றாள். தோளிலிருந்தவனை இறக்கி, முகம் ஸ்பீக்கரைப் பார்க்கும்படி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். இவ்வளவு கூச்சலிலும் அவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"சார், எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவும் வைங்க."

"என்ன, விளையாடறியா?" என்றார் வீட்டுக்காரம்மா. "சத்தம் ஆகாதுன்னு இப்பதானே ஊரைக் கூட்டினே?"

சவுண்டு அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தார். சுவிட்சுப் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. குழந்தை பயந்துடும்."

"பயப்படட்டும், சார்," என்றாள். "நீங்க போடறப்பல்லாம் இவன் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். இத்தனை நாள்ல, ஒரு தடவைகூட இவன் முழிச்சதில்ல."