கேமராவைப் பார்த்த கிழவி

“அந்தக் கிழவியை வெட்டி எறிங்க, தோழர்,” என்றார் ஒல்ஷாக்.

எடிட்டிங் மேஜையின் சின்னத் திரையில் படம் உறைந்து நின்றது. இடிந்து கிடக்கும் வார்சா தெருவில், போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய் ஒருவன். அவனுக்குப் பின்னால் தண்ணீருக்கு நிற்கிற வரிசை. வரிசையில் எல்லோரும் தங்கள் பாட்டுக்கு நிற்க, வாளி வைத்திருந்த ஒரு கிழவி மட்டும் நேரே கேமராவைப் பார்த்தாள்.

அமைச்சகத்திலிருந்து வந்திருந்த ஒல்ஷாக் சொல்வதெல்லாம் ஒதிலியாவுக்குப் பிடிக்காது. ஆனால் இதில் அவர் பக்கம்தான் அவளும்.

ஊமைப்படக் காலத்திலிருந்து ஃபிலிமை வெட்டி ஒட்டுகிறவள் அவள். தெருவில் போகிற யாராவது லென்ஸைப் பார்த்துவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்கூடைக்குத்தான். பனிக்காலம் முழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டாள். “இருக்கட்டும் அக்கா” என்பதற்கு மேல் இயக்குநர் கோன்ராட் ஒரு வார்த்தை பேசவில்லை.

மற்ற விஷயங்களில் அவன் வாயை அடைக்க முடியாது. படத்தில் வருவது அவன் பிறந்து வளர்ந்த தெரு. வூட்ஜ் நகரத்து ஸ்டூடியோவின் இந்தக் குட்டி அறையில், அடுப்பில் நிலக்கரி கனன்றுகொண்டிருக்க, ஒவ்வொரு இடிபாட்டையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுவான்.

“இந்தச் செங்கல் குவியல் இருக்கே, இதுதான் அக்கா முடிவெட்டுற கடை. ஒரு மஞ்சக் குருவி வளர்த்தாரு. நாங்க வாசல்ல நின்னு விசிலடிச்சா அது பதிலுக்குப் பாடும். அவரு பாதி செரச்ச முகத்தை அப்படியே விட்டுட்டு கத்தியோட ஓடி வருவாரு.”

அதற்கு அடுத்த சுவர் ரொட்டிக்கடை. சனிக்கிழமை காலையில் சோம்பு மணம் மூன்றாம் மாடி வரைக்கும் ஏறுமாம். அதற்கப்பால், வேரோடு கருகிப்போன செஸ்ட்நட் மரம். கேட்டுக் கேட்டு, போகாத அந்தத் தெருவில் ஒதிலியாவுக்கே வழி தெரிந்துவிட்டது. படப்பிடிப்புக்கு அவள் போகவில்லை. சுருள்கள்தான் அவளிடம் வந்தன.

“கிழவி கிடக்கட்டும், படத்தோட முடிவுக்கு வாங்க,” என்று ஒல்ஷாக் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டார். “இப்படி அழுகையோட அனுப்பினா ஜனங்க எப்படி வீடு கட்டுவாங்க? கடைசியில கொத்தனாருங்க சாரத்துல நின்னு பாடணும்.”

சிப்பாய் தன் வீட்டை அடைகிறான். நிலைவாசல் மட்டும் நிற்கிறது, வீடு இல்லை. அந்த வாசலுக்கு முன் நின்று காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, வீடு இருப்பதைப் போலவே உள்ளே போகிறான். கோன்ராட் எடுத்திருந்த கடைசிக் காட்சி அதுதான். ஒதிலியா எத்தனையோ படங்களை வெட்டியிருக்கிறாள், அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் அவள் கை நிற்கும். அதைக் காப்பாற்ற அவன் இரண்டு முறை தலைநகரம் போய்ச் சண்டை போட்டிருந்தான். ‘இதை வெட்டினா என் கையையும் வெட்டுங்க’ என்று கத்திவிட்டு வந்தவன்.

இன்றைக்கும் கத்தப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

“மாத்திடறேன்,” என்றான் கோன்ராட். “கொத்தனாருங்க பாடட்டும். ஆனா அவங்க இருக்கட்டும்.”

“எவங்க?”

“தண்ணிக்கு நிக்கிறவங்க.”

ஒல்ஷாக் கண்ணைச் சுருக்கினார். “அந்தக் கிழவியில ஏதும் உள்குத்து இல்லையே?”

“இல்ல தோழர். தண்ணிக்கு நிக்கறாங்க. அவ்வளவுதான்.”

அவர் சட்டென்று எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு மலிவாக முடியும் என்று அவரே நினைத்திருக்கமாட்டார். கோன்ராட் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான்.

கதவு சாத்தியதும் ஒதிலியா பொங்கினாள்.

“கண்ணை வித்துச் சித்திரம் வாங்கிட்டு வந்து நிக்கறியே, உனக்குப் புத்தி இருக்கா? அந்த முடிவு மாதிரி இன்னொண்ணு உன் ஆயுசுல எடுப்பியா? அதைத் தூக்கிக் குடுத்துட்டு, ஓட்டையும் ஒடசலுமா ஒரு துண்டு!”

“ஒரு தடவை ஓட்டுங்க அக்கா,” என்றான் கோன்ராட்.

கோபத்தோடேயே பொத்தானை அழுத்தினாள்.

சிப்பாய் நடந்து சட்டகத்தை விட்டுப் போனான். இத்தனை நாளும் அவள் கண் அவனோடுதான் போயிருந்தது. இன்று கிழவியிடம் நின்றது. கிழவி வாளியைக் கீழே வைத்தாள். கேமராவுக்குச் சற்று மேலே, அதற்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்த்தாள். புருவத்தை நெரித்தாள். சத்தமில்லாமல் வாய் ஏதோ அதட்டியது. பிறகு ஒரு கையைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோய், இல்லாத காலரை இரண்டு பக்கமும் இழுத்து மூடிக் காட்டினாள்.

“பாரு, சைகை வேற...” என்று சொல்லிக்கொண்டே ஒதிலியா திரும்பினாள்.

கோன்ராட் திரையைப் பார்த்தபடியே நின்றான். அந்த வெக்கையான அறையில், அவன் கை தானாக மேலே போய்க் கோட்டின் மேல் பித்தானைப் போட்டது.

படப்பிடிப்புக்குப் பிறகு, அதே பனிக்காலத்தில் அவன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது, கல்லறையில் பதிக்கப் பீங்கானில் படம் எழுதித் தருகிற ஆள் தெரியும், ஒரு போட்டோ கொடு என்று ஒதிலியாதான் கேட்டாள். வீட்டோடு எல்லாம் எரிந்துவிட்டது, ஒன்றுகூட இல்லை என்று சொல்லியிருந்தான்.

ஒதிலியா சுருளைப் பின்னால் சுற்றி, மறுபடியும் ஓட்டினாள்.