குமிழி அடங்கும் நேரம்

ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் ஒரு சர்க்கரைக் கட்டி விழுந்தது. மூன்று கோப்பை, மூன்று கட்டி.

அதன்மேல் ஒரு கரண்டி பிராந்தி, பிறகு குளிர்ந்த நுரை ஒயின், விளிம்பில் ஆரஞ்சுத் தோல். அவ்வளவுதான் வேலை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் இன்று பத்தாவது திருமண நாள். ஒயின், அத்தானின் அலுவலக நண்பர்கள் கொடுத்தது. திறக்காமல் வைத்தால் ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியிருக்கும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தங்கை நேராகச் சமையலறைக்குள் நுழைந்திருந்தாள். கொண்டையில் செருகிய பென்சில் அப்படியே இருந்தது. ஒரு வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

அக்கா வந்து காதோடு சொன்னாள்.

"அத்தானுக்கு மட்டும் ஆப்பிள் ஜூஸும் சோடாவும் ஊத்துடி. பிராந்தி பாட்டில் லேபிள்ல அடையாளத்துக்குப் பென்சில் கோடு போட்டு வச்சேன். மனுஷன் கோட்டையே அழிச்சு ரெண்டு விரல் கீழ போட்டிருக்காரு. இன்னொரு தடவை குறைஞ்சுது, பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

தங்கை தலையாட்டினாள்.

அக்கா அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அத்தான் வந்தார், தண்ணீர் குடிக்கிற சாக்கில்.

"உங்க அக்காவுக்கு ஒயின் வேணாம்மா, ஜூஸே ஊத்திடு. பிராந்தி பாட்டில் குறைஞ்சுக்கிட்டே வருது. கேட்டா என்மேலயே எரிஞ்சு விழுறா."

அதற்கும் தலையாட்டினாள். சொல்ல வாயெடுத்தவள் கோப்பைகளின் பக்கம் திரும்பினாள்.

இரண்டு கோப்பைகளில் ஜூஸும் சோடாவும் ஊற்றினாள். மூன்றாவதில் பிராந்தி. கரண்டி தேவைப்படவில்லை, அளவு கைக்கே தெரிந்திருந்தது. அதன்மேல் ஒயின்.

நிறத்தில் மூன்றும் ஒன்றுதான். ஆனால் சோடாவின் குமிழி பெரிது, சீக்கிரம் அடங்கிவிடும். ஒயினுடையது சிறிது, நின்று நிதானமாக ஏறும். அது அவளுக்குத் தெரியும்.

தெரிந்தேதான் மூன்றையும் சாப்பாட்டு மேசையில் விளக்குக்கு நேர் கீழே வைத்தாள்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். அத்தானும் ஒரு வாய் குடித்தார். பிறகு அக்காவின் கோப்பையை வாங்கி முகர்ந்தார். அதிலும் ஜூஸ்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அப்புறம் மூன்றாவது கோப்பையைப் பார்த்தார்கள்.

அதில் மட்டும் குமிழிகள் நூல் பிடித்தாற்போல ஏறிக்கொண்டிருந்தன.

தங்கை அதைத் தொடவில்லை. கொண்டையிலிருந்த பென்சிலை உருவி, அதன் பக்கத்தில் வைத்தாள்.