அம்மாவின் பெயரைத் தேடியது யார்?

"யாரோ என்னை வேவு பாக்கறாங்கடா!"

வேலை முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அம்மா டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"யாரும்மா?"

"அதை நீதான் கண்டுபிடிக்கணும். என் பேரு நெட்ல வருதான்னு பாக்கலாம்னு சும்மா முதல் எழுத்தைத் தட்டினேன். தட்டினதுதான் தாமதம், கீழே வரிசையா வந்து நிக்குது. நீயே பாரு!"

பார்த்தான். யாரோ ஏற்கெனவே தேடியவை. எல்லாவற்றிலும் முதலில் அம்மாவின் முழுப்பெயர். அதை ஒட்டி, வயது என்ன. வீடு எங்கே. கணவர் எப்போது இறந்தார். எத்தனை பிள்ளைகள்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடிப்பது அவன் வேலை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவன். ஒருவருடைய வயதையும் வீட்டையும் வாரிசுகளையும் இன்னொருவர் ரகசியமாக விசாரித்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்த வீடு அம்மா பெயரில்தான் இருந்தது.

"இங்க இருக்கறது மூணே பேரு. நீ காலையில போனா சாயங்காலம்தான் வர்றே. மிச்சம் யாரு?" அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. வானொலியில் வருஷக்கணக்காகச் செய்தி வாசித்த குரல். தாழ்த்தினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "ஊருக்கே சேதி சொன்னவடா நான். என் வீட்டுச் சேதி எனக்குத் தெரியாமப் போயிடுமா?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம்.

அவன் டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினான். "இதுல அம்மா பேரைப் போட்டுத் தேடினது யாரு?"

ஒரு தடவைதான் பார்த்தாள்.

"நான்தான்."

இல்லை என்று சாதிப்பாள் என நினைத்திருந்தான். சாதித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"எதுக்கு?"

"சும்மா... தெரிஞ்சுக்கலாம்னு. தப்புதான் அத்தை. மன்னிச்சிடுங்க."

"என்ன தெரிஞ்சுக்கணும்? நான் எப்பக் கண்ணை மூடுவேன்னு கணக்குப் போடறியா? மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

"இனிமே செய்ய மாட்டேன் அத்தை."

"செய்ய மாட்டாளாம்! பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பாத்திருக்கா பாரு!"

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவன் மனைவியின் பின்னாலேயே சமையலறைக்குள் போனான். கொஞ்ச நாளாகவே அவள் போக்கு ஒரு மாதிரிதான் இருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. டியூஷன் எடுப்பதைத் திடீரென்று நிறுத்திவிட்டாள். அம்மா கடைக்குக் கிளம்பினால் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு போகிறாள். அம்மாவின் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

"உனக்கு என்ன வேணும்? இந்த வீடா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"கத்தாதீங்க. அத்தைக்குக் கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே!"

அவள் எட்டி, அந்த அறையின் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"அத்தையேதாங்க தேடறாங்க. நீங்க வேலைக்குப் போனதும் உக்காந்து ஒண்ணொண்ணா தேடறாங்க. அப்புறம் அவங்களுக்கே மறந்துடுது. யாரு தேடினதுன்னு என்னைப் பிடிச்சுக்கறாங்க. நேத்தும் கேட்டாங்க. நேத்தும் நான்தான்னு சொன்னேன்."

அவன் திரையைப் பார்த்தான். கணவர் எப்போது இறந்தார். எத்தனை பிள்ளைகள். இந்த முறை அவனால் தொடர்ந்து படிக்க முடியவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"டாக்டரைப் பாக்க நாள் வாங்கியிருக்கேன். அம்மாவைப் பத்தி மகன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

"அதுக்காக நீ ஏன் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கணும்?"

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள்.

"'நீங்கதான் தேடினீங்க அத்தை'ன்னு சொன்னா அவங்க உடைஞ்சு போயிடுவாங்க. நான்தான்னு சொன்னா கோவம் மட்டும்தானே வரும்? அதையும் நாளைக்கு மறந்துடுவாங்க."